குதிரைகளின் பூவல்

செப்டெம்பர் 9, திங்கள்

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு வந்து சேரும்வரை அலை படகுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. மருந்துப் பெட்டி நனையவில்லை. நான் நனைந்தேன்.

இறங்குதுறையில் அருளப்பு காத்திருந்தார். இங்குள்ள கால்நடை அலுவலகத்தில் இப்போது எல்லாமே அவர்தான். மிருக வைத்தியர் இடம் காலியாகி நெடுநாள். "நிரஞ்சனா எண்டோன்ன இப்பதான் படிச்சு முடிச்ச பிள்ளை ஆரோ வருது எண்டு நினைச்சன் டொக்டர்," என்றார். எனக்கு நாற்பத்தாறு வயது. சிரித்து வைத்தேன்.

மூன்று கிழமைக்கு வந்திருக்கிறேன். வறட்சியில் தீவுக் குதிரைகள் சாகின்றன என்று பத்திரிகையில் படம் வந்ததும், யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்றார்கள் எங்கள் அலுவலகத்தில். கூட்டத்தில் ஒருவரும் கை உயர்த்தவில்லை. அம்மா போய் மூன்று மாதம்தான், நீ லீவு எடு என்றுதான் எல்லோரும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கையை உயர்த்தினேன். வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

குவாட்டர்ஸ் என்பது ஓர் அறையும் ஒரு குசினியும். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. அவ்வளவு உவர்.

அரிசியை இரண்டு பேருக்குப் போட்டுவிட்டேன். மிச்சத்தை அடுத்த வளவுக் கோழிகளுக்குக் கொட்டினேன்.

செப்டெம்பர் 10

காலையில் அருளப்புவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் குதிரைகள் மேயும் வெளிக்குப் போனோம். பின்னால் தண்ணீர்த் தாங்கி. நடுத்தெருக் கிணற்றிலிருந்து இறைத்து, வெளியில் இருக்கும் சீமெந்துத் தொட்டியில் ஊற்றுவது அவர் வேலை. அந்தக் கிணறும் இறங்கிவிட்டது. தொட்டி பாதிகூட நிரம்பவில்லை.

குதிரைகள் தூரத்தில் நின்றே எங்களைப் பார்த்தன. விலா எலும்புகளை நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. லான்ட்மாஸ்டர் திரும்பிய பிறகுதான் தொட்டிக்கு வந்தன. முதலில் ஒரு கறுப்புப் பெட்டை, அதன் வயிற்றை உரசிக்கொண்டு ஒரு குட்டி. கறுப்பி ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சுளித்தது. எனக்கே சிரிப்பு வந்தது. நானும் காலையில் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு அப்படித்தான் முகத்தைச் சுளித்தேன்.

வரும் வழியில் பழைய லாயத்தின் தூண்களைக் காட்டினார். கூரை இல்லை. பவளக் கல்லால் கட்டிய தூண்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன.

"வெள்ளைக்காரர் கப்பல்ல கொண்டு வந்து வளத்தவை. பிறகு விட்டிட்டுப் போட்டினம்," என்றார் அருளப்பு.

"ஏன் கொண்டுபோகேல்லை?"

"போறவை எல்லாத்தையும் கொண்டே போகினம்?"

செப்டெம்பர் 12

செபமலர் என்ற அம்மா மீன்குழம்பும் புட்டும் கொண்டுவந்து தந்தார். கோழிகளின் சொந்தக்காரி. "சோத்தைக் கொட்டுறியள் எண்டு கண்டன். அளவாச் சமைக்கத் தெரியாட்டி என்னட்ட வாங்கோ," என்றார். மாதர் சங்கத் தலைவி. குரலிலேயே தெரிகிறது.

அவர் வீடு வரை நடந்தேன். ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பவளக்கல் வேலி. வேலிக்குப் பின்னால் வீடுகள், பாதிக்கு மேல் பூட்டுப் போட்டவை. இது பிரான்ஸ், இது கனடா, இது திருச்சி என்று செபமலர் அக்கா ஆட்களின் பெயருக்குப் பதில் அவர்கள் போன இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவருடைய இரண்டு மகன்களும் பிரான்சில். மகள் ஜெனிற்றா மட்டும் இங்கே, ஏழு மாதக் கர்ப்பிணி. மருமகன் மன்னாரில் தொழில்.

கடல் நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் பழுதாகிக் கிடக்கிறது. உதிரிப்பாகம் வர வேண்டும். அதுவரை படகில் வரும் தண்ணீர்தான் குடிக்க. வீட்டுக்குச் சில கான்கள். போதாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம்.

"மனுசருக்கே இல்லை. நீங்கள் குதிரைக்கு வந்திருக்கிறியள்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

செப்டெம்பர் 14

என் அண்ணா சுகந்தன் ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்தார். சார்ஜ் இல்லை என்றேன்.

செப்டெம்பர் 17

அருளப்பு டீசலுக்கு இறங்குதுறைக்குப் போய்விட்டார். நான் தனியாக வெளியின் தென்கோடி வரை நடந்தேன். பனைகளுக்கு அப்பால் கடலோரமாக ஒரு மணல் பள்ளம் இருக்கிறது. அங்கே ஆட்கள் போவதில்லை.

கறுப்பி அங்கே நின்றது. முன்னங்காலால் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தது. நாய் கிண்டுவதைப் போல அவசரமாக இல்லை. ஒரு கால், பிறகு மற்றக் கால், நின்று மூச்சு விட்டு, மறுபடியும். ஏற்கெனவே அது ஆழமான குழி. தலையை முழுவதுமாக உள்ளே விட்டுக் குடித்தது. தலையைத் தூக்கியபோது தாடையிலிருந்து நீர் சொட்டியது. பிறகு குட்டி முன்னங்கால்களை மடக்கிக் குடித்தது. மற்றவை பின்னால் நின்றன, தங்கள் முறை வரும்வரை.

மணலில் தோண்டி நீரை ஊறவிடும் சிறிய குழியை இங்கே பூவல் என்கிறார்கள். இது குதிரைகளின் பூவல். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இத்தனை தலைமுறையாக இந்தத் தீவில் விடப்பட்டுக் கிடந்து, தாங்களாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும். நாங்கள் கிணற்றுக்குக் கிணறு மோட்டார் பூட்டி இழுத்து, மேலே மிதந்த நல்ல நீரை முடித்துவிட்டு, அடியில் கிடந்த உவரை எழுப்பிவிட்டோம். இவை தேவைக்கு மட்டும் கிண்டுகின்றன. ஊறும்வரை நிற்கின்றன.

அவை போன பிறகு உப்பளவு காட்டும் கருவியை இறக்கிப் பார்த்தேன். நல்ல தண்ணீர். அளவைக் குறித்துக்கொள்ளவில்லை.

செப்டெம்பர் 18

மறுபடியும் தென்கோடி. தனியாக, ஒரு கானோடு.

ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை நாளை தொடங்குகிறது. ஊசிகளை அவித்து வைத்தேன். துணி தோய்த்தேன். சவர்க்காரம் நுரைத்தது.

செப்டெம்பர் 21

ஆட்டுப் பட்டிகளில் நாள் முழுக்க. மாலையில் அருளப்புவுக்குத் தேநீர் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"நல்ல தேத்தண்ணி. உது எங்கத்தத் தண்ணி டொக்டர்?"

"கடையில வாங்கினது."

கடையில் போத்தல் தண்ணீர் முடிந்து ஒரு கிழமையாகிறது. அது அவருக்கும் தெரியும். கோப்பையை முழுவதும் குடித்து, கழுவி வைத்துவிட்டுப் போனார்.

குட்டி இன்று விடியற்காலையில் பூவலைச் சுற்றித் துள்ளி ஓடியது. இந்த மூன்று மாதத்தில் எதையாவது பார்த்து நான் உட்கார்ந்திருந்தது இன்றுதான். நான் இருப்பதைக் கறுப்பி இப்போது பொருட்படுத்துவதில்லை. குடித்துவிட்டு, நான் இருக்கும் பக்கமாகவே நடந்து போகிறது.

அண்ணாவின் செய்தி: அம்மாவின் வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறதாம். நல்ல ஆட்களாம். "நீ அந்தப் பெரிய வீட்டில தனிய இருந்து என்ன செய்யப் போறாய்? இஞ்ச வா." வாசித்தேன்.

செப்டெம்பர் 24

இன்று செய்தவை: மேற்கில் ஆடுகளுக்குத் தடுப்பூசி. பசு ஒன்றுக்குக் குளம்புப் புண். ஒரு நாய்க்குக் கால் முறிவு, மட்டை வைத்துக் கட்டினேன். மருந்துப் பெட்டியை ஒழுங்கு செய்தேன்.

மத்தியானம் செபமலர் அக்கா வீட்டில் சாப்பிட்டேன். ஜெனிற்றா வாங்குப் பலகையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். கணுக்கால் தெரியவில்லை. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மருத்துவமாது வந்து பிரஷர் பார்த்துவிட்டு, உப்பைக் குறை, உவர்த் தண்ணீர் வாயில் வைக்காதே என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்ப எதைக் குடிக்கிறதாம்?" என்று ஜெனிற்றா என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியும் என்பதற்காகக் கேட்கவில்லை. எதிரே நான்தான் இருந்தேன்.

நான் மிருகங்களின் வைத்தியர். இருந்தாலும் அந்தக் காலின் வீக்கத்தைப் பார்த்த பிறகு சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

கையைக் கழுவிவிட்டு, குசினி வாசலில் நின்று சொன்னேன். தென்கோடியில் நல்ல தண்ணீர் இருக்கிறது, குதிரைகள் கிண்டிய பூவல், உப்பு மிகக் குறைவு, கொதிக்க வைத்தால் குடிக்கலாம் என்றேன். செபமலர் அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார்.

"எப்ப கண்டனீங்கள்?"

"கொஞ்ச நாளைக்கு முன்னம்."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஆட்களைக் கூப்பிட்டார்.

செப்டெம்பர் 25

ஊரே அங்கே. வாளி, கான், குடம். மணலை அகலமாக வெட்டி, கிணற்றுக்கு வைக்கும் சீமெந்து வளையமான கொட்டு ஒன்றை இறக்கிவிட்டார்கள். நான் நீரைச் சோதித்துக் கொடுத்தேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஒரு கிழவர் என் தலையில் கை வைத்தார்.

குதிரைகள் பனைகளுக்கு அந்தப் பக்கம் நின்றன.

செப்டெம்பர் 27

சுற்றி மதில் எழுப்பிவிட்டார்கள். பாழ் வளவுகளின் வேலிக் கற்களைச் சுமந்து வந்து, ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஒரே நாளில் முடித்தார்கள். குதிரை இறங்கினால் கலங்கும், சாணம் விழும், பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர். எல்லாம் சரிதான். மறுக்க ஒன்றும் இல்லை.

"தொட்டியில ஊத்துறதுதானே அதுகளுக்கு," என்றார்கள்.

நடுத்தெருக் கிணறு நேற்று வற்றிவிட்டது என்பதை அருளப்பு சொன்னார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். பிறகு கற்களைத் தூக்கப் போய்விட்டார்கள்.

செப்டெம்பர் 28

மூன்று கிழமை முடிகிறது. இன்னும் நாள் வேண்டும் என்று அலுவலகத்துக்குச் சொன்னேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 29

குதிரைகள் மதிலைச் சுற்றி வருகின்றன. காலையில் வந்து நிற்கின்றன, வெயில் ஏறியதும் போகின்றன, மறுபடி வருகின்றன. உள்ளே வாளி விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் காதுகள் நிமிர்கின்றன.

கறுப்பிக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது. என் பங்குக் கானில் சீனியும் கொஞ்சம் உப்பும் கரைத்துப் போத்தலில் கொண்டுபோனேன். அருளப்பு தலையைப் பிடித்துக்கொள்ள, நான் ஊட்டினேன். கொஞ்சம் உள்ளே போனது. கறுப்பி பக்கத்திலேயே நின்றது. அருளப்புவைக் கடிக்கவில்லை, என்னையும் கடிக்கவில்லை.

ஒக்டோபர் 1

குட்டி செத்துவிட்டது.

நாளத்தில் ஊசி ஏற்றிப் பார்த்தேன். பிந்திவிட்டது. கண்ணை மூடிவிட்டேன். குதிரைக் குட்டிக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை என்று நினைக்கிறேன். கை தானாகப் போனது. அம்மாவுக்கும் நான்தான் மூடினேன்.

கறுப்பி விலகவில்லை.

நான் சொல்லாமல் இருந்திருந்தால் இது உயிரோடு இருந்திருக்கும். சொல்லாமல் இருந்திருந்தால் ஜெனிற்றா என்னவாகியிருப்பாள்? இரண்டையும் எழுதிவிட்டுப் பார்க்கிறேன். எதையும் அழிக்க முடியவில்லை.

ஒக்டோபர் 2

விடியும்போதே போய் மதிலின் ஒரு பக்கத்தைப் பிரித்தேன். கற்கள் பாரமில்லை, கூர். உள்ளங்கை கிழிந்தது. ஒரு குதிரை நுழையும் அகலம் வந்ததும் ஒதுங்கி நின்றேன். ஏழெட்டுக் குதிரைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. கொட்டுக்குள் அவற்றின் வாய் எட்டவில்லை. வாளியால் அள்ளி ஊற்றினேன். மிதித்தன, இடித்தன, கொட்டு சரிந்து மணல் உள்ளே கொட்டியது. தண்ணீர் சேறானது. நான் நினைத்தது இதில்லை.

கறுப்பி வரவில்லை. அது குட்டிக்குப் பக்கத்திலேயே நின்றது.

முதல் வாளியோடு செபமலர் அக்கா வந்தார். பின்னால் நாலைந்து பெண்கள், அருளப்பு.

"உதை ஆர் பிரிச்சது?"

"நான்தான்."

"உங்களுக்கு என்ன விசரோ? உள்ள பாருங்கோ! இண்டைக்கு என்ர பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது? வயித்தில இருக்கிற சீவனை விட உங்களுக்குக் குதிரை பெரிசோ?"

"தண்ணி இருக்கெண்டு சொன்னதே நான்தானே அக்கா."

"சொன்னனீங்கள். எத்தினை நாள் ஒளிச்சு வைச்சிட்டுச் சொன்னனீங்கள்?"

அருளப்பு நிலத்தைப் பார்த்தார். என் தேநீரைப் பற்றி அவர்தான் சொல்லியிருப்பார். இல்லை, சொல்லவே தேவையில்லை. நாட்களை எண்ணிப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

"ஒரு வழி விடுங்கோ எண்டு கேட்டிருக்கலாம்," என்றார் செபமலர் அக்கா. "கேட்டனீங்களோ?"

"விடமாட்டியள் எண்டு நினைச்சன்."

"கேக்காமலே நினைச்சிட்டியள்."

அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை பேருக்கு முன்னால். அம்மாவின் செத்தவீட்டில் வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டு, அண்ணாவுக்கு வீடியோவில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு நின்ற ஆள் நான். அப்போது வராதது இப்போது வந்தது.

செபமலர் அக்கா வாளியைக் கீழே வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து விரித்து, இரத்தத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"ஊரில மிஞ்சிக் கிடக்கிறது நாங்கள் கொஞ்சப் பேரும் உதுகளும்தான் பிள்ளை," என்றார். முதல் தடவையாகப் பிள்ளை என்று கூப்பிட்டார். "உதுகளும் செத்துப்போனா, இஞ்ச ஆர் இருக்கினம் எண்டு ஆர் வந்து பாக்கப் போகினம்?"

பிறகு திரும்பி, தன் பழைய குரலில், "அருளப்பு! நிண்டுகொண்டு நிக்காமல் மண்வெட்டியைக் கொண்டா. இஞ்ச தண்ணி இருக்கெண்டா அங்கால கொஞ்சம் தள்ளியும் இருக்கும்தானே!" என்றார்.

ஒக்டோபர் 3

முதல் குழி வெறும் பாறை. இரண்டாவதில் ஊறியது, ஆனால் உவர் கூட. குடிநீர்ப் பூவலைத் திருத்தி மதிலை மறுபடி கட்டினார்கள். குதிரைகளின் குழியைச் சரிவாக வெட்டினோம், அவை இறங்கிக் குடிக்க. எல்லோரும் வரவில்லை. வராதவர்களில் சிலர் தண்ணீர் அள்ள வந்த இடத்தில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, டொக்டருக்கு வேலை இல்லை என்றார்கள். அதுவும் காதில் விழுந்தது.

குதிரைகள் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. பக்கத்தில் நல்ல தண்ணீர் இருப்பது அவற்றுக்குத் தெரியும்.

"குடிக்கும். வேற என்ன செய்யிறது," என்றார் அருளப்பு.

மாலையில் குடித்தன.

கறுப்பி இன்னும் குட்டியிடம். வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுபோய் அதன் முன்னால் வைத்தேன். வாளியை அது பார்க்கவே இல்லை. நாங்கள் குட்டியைப் புதைக்கக் கிட்டப் போனால் காதை மடக்கிப் பல்லைக் காட்டுகிறது.

ஒக்டோபர் 4

கறுப்பி குடிக்கவில்லை. நாள் முழுக்க அதைவிட்டு எட்ட ஒரு பனையின் கீழ் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு நாள் தாங்காது என்று வைத்தியராக எனக்குத் தெரியும். செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பதும் தெரியும்.

ஒக்டோபர் 5

பகல் வெயில் உச்சத்தில் கறுப்பி குட்டியை மூக்கால் ஒருமுறை தள்ளியது. கால் முதல் தலை வரை மோந்தது. பிறகு திரும்பி நடந்தது. பின்னங்கால்கள் தடுமாறின. நடுவில் நின்று திரும்பிப் பார்த்தது. மறுபடி நடந்து, சரிவில் இறங்கி, அந்த உவர்த் தண்ணீரில் வாயை வைத்தது.

நீண்ட நேரம் குடித்தது. இடையில் தலையைத் தூக்கவே இல்லை.

நானும் அருளப்புவும் குட்டியைப் புதைத்தோம்.

ஒக்டோபர் 6, ஞாயிறு

நானாகவே அண்ணாவுக்கு எடுத்தேன். அங்கே விடியப்போகிற நேரம். பதறிவிட்டார்.

"என்ன நிரஞ்சி, என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. வீட்டை வில்லுங்கோ அண்ணா."

அவர் கேட்டுக்கொண்டே இருந்ததும் அதுதான்.

"அப்ப நீ இஞ்ச வாறியோ?"

"இல்லை. வாறன் எண்டு சொல்லேல்லை. வில்லுங்கோ எண்டுதான் சொல்லுறன். எனக்கு அலுவலகத்துக்குக் கிட்ட ஓர் அறை காணும்."

"அம்மாவின்ர அறையில இருக்கிற சாமானுகள்..."

"நான் பாக்கிறன். உங்களுக்கு என்ன வேணும் எண்டு சொல்லுங்கோ, எடுத்து வைக்கிறன்."

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு ஓர் ஐந்து நிமிடம் போனிலேயே அழுதார். அவர் அழுது நான் கேட்டதில்லை. செத்தவீட்டன்று வீடியோவில் அவர் முகம் அசையாமல் இருந்தது, நெட் நின்றுவிட்டது என்றுகூட நினைத்தேன். "நான் வந்திருக்க வேணும்," என்றார். "விசா அலுவல் முடியேல்லையே அண்ணா," என்றேன். "தெரியும்," என்றார். நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

ஒக்டோபர் 9

அரிசி சரியாக ஒருவருக்குப் போட்டேன். போதவில்லை. செபமலர் அக்காவிடம் போனேன்.

ஒக்டோபர் 15

காற்று வாடைக்குத் திரும்பிவிட்டது. மத்தியானம் மழை. முதலில் மணலில் பொட்டுப் பொட்டாக, பிறகு எதிர்வீடு தெரியாமல். வாளி, சட்டி, பேசின், இருந்ததையெல்லாம் ஆட்கள் முற்றத்தில் வைத்தார்கள். ஜெனிற்றா வீங்கிய காலை வாசலுக்கு வெளியே நீட்டி நனையவிட்டாள். செபமலர் அக்கா ஏசினார்.

மழை விட்டதும் வெளிக்குப் போனேன். பள்ளமெல்லாம் நீர். குதிரைகளை எங்கேயும் காணவில்லை. தீவு முழுக்கச் சிதறிப் போயிருக்கும். இனி அவற்றுக்கு நாங்கள் தேவையில்லை. கறுப்பியைத் தேடி மேற்குவரை நடந்தேன். காணவில்லை. இருட்ட முன் திரும்பினேன்.

ஒக்டோபர் 18

ஊருக்குப் படகு பிற்பகலில். அருளப்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்தார். செபமலர் அக்கா ஜெனிற்றாவை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் காட்டவென்று அதே படகில் வருகிறார். மடியில் ஒரு பொதி புட்டு.

"குழி இரண்டும் மழையில மூடிப்போடும்," என்றார் அருளப்பு. "அடுத்த வருசமும் உந்தச் சண்டைதான்."

"அடுத்த வருசம் ஆனியிலேயே வெட்ட வேணும். வத்தின பிறகில்லை," என்றேன்.

"ஆர் வந்து நிண்டு வெட்டிறது? புது டொக்டர் வந்தா அவருக்கு உதெல்லாம் தெரியுமே?"

"நான் வாறன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அம்மா போன இந்த ஆனிக்குப் பிறகு, வரப்போகிற எந்த மாதத்தைப் பற்றியும் நான் யாரிடமும் பேசியதில்லை.

செபமலர் அக்கா என்னைப் பார்க்கவில்லை. "வடக்குப் பக்கம் வெட்டக் கூடாது, அங்கால பாறை," என்றார். "பனையடியில பாக்கலாம்," என்றார் அருளப்பு. "பனையடி கடலுக்குக் கிட்ட, உவர் வரும்," என்றேன் நான். ஜெனிற்றா தனக்குப் பசிக்கிறது என்று பொதியை அவிழ்த்தாள். படகுக்காரன் கூப்பிடும்வரை நாங்கள் அந்த இடத்தைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருந்தோம்.